எங்கயாவது இறுக்குதா?

மாஸ்டரை வீட்டுக்கு அனுப்பப் போகிறார்கள் என்று தெரிந்ததும் எதிர்க்கடை அக்கா என் கடை வாசலில் வந்து நின்று, "நாளைக்கு ஷட்டரை இறக்கிட்டு என்கூட ஆஸ்பத்திரிக்கு வா" என்றாள்.

"எதுக்கு? பையைத் தூக்கவா?"

"பை என்ன பை. வீட்டுக்குப் போனதும் எப்படிப் பாத்துக்கணும்னு நர்சம்மா பாடம் நடத்துவாங்களாம். எனக்கு ரெண்டு காதுதான் இருக்கு, பத்தாது."

எனக்கும் இரண்டு காதுதான். அதிலும் ஒன்று எப்போதும் வாடிக்கையாளர் பக்கமே இருக்கும். ஆனாலும் போனேன். பட்டன், நூல், ஜிப், காலருக்கு வைக்கிற கேன்வாஸ் என்று விற்கிற என் கடைக்கு நேர் எதிரே அவர்களுடைய தையல் கடை. கடைக்கு மேலேயே வீடு. மாஸ்டர் வெட்டுவார், அக்கா தைப்பாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து இதுதான் ஏற்பாடு. "வெட்டினதே கோணல்" என்று அவளும், "தைச்சதுதான் கோணல்" என்று அவரும் சொல்லிக்கொள்ளாத நாள் கிடையாது. ஆனால் அங்கே ஒரு முறை தைத்துப் போட்டவர் வேறு கடைப் படி ஏறி நான் பார்த்ததில்லை.

விபத்து நடந்தது மழை பிடித்துக்கொண்ட ஒரு மத்தியானம். சின்ன பாய்லரிலிருந்து இஸ்திரிப் பெட்டிக்கு நீராவி போகிற ரப்பர் குழாய் பிடுங்கிக்கொண்டுவிட்டது. அது சீறிக்கொண்டு கடை முழுக்க ஆடியது. மேசைமேல் அன்று சாயங்காலம் கொடுக்க வேண்டிய கோட்டு. மேசையை ஒட்டித் தாழ்வாக முக்காலி போட்டு உட்கார்ந்து அக்கா பட்டன் துளைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தாள். மாஸ்டர் ஸ்விட்சை அணைக்காமல், என்ன தோன்றியதோ, வலது கையால் குழாயின் வாயையே பிடித்துவிட்டார். உள்ளங்கை, விரல்கள், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலிருக்கிற தோல், மணிக்கட்டு வரைக்கும் வெந்துபோயிற்று.

"கோட்டு நனைஞ்சுடும்னு பிடிச்சேன்" என்பார் மாஸ்டர், யார் கேட்டாலும்.

"பொய். என் கழுத்துல பட்டுடும்னு பிடிச்சாரு" என்பாள் அக்கா.

நான் எதிர்க்கடையிலிருந்து பார்த்தது வெறும் ஆவியைத்தான். அதனால் இந்த வழக்கில் என் சாட்சி செல்லாது.

தீக்காய வார்டின் கடைசியில் ஜன்னலோரமாக நாலைந்து பெஞ்சு போட்டிருந்தார்கள். வீட்டுக்குப் போகிறவர்கள் எல்லாரும் அங்கே. அடுப்புக் கதவில் இரண்டு முழங்கையையும் சுட்டுக்கொண்ட ஒரு பேக்கரிக்காரர், காலில் கொதிநீர் கொட்டிக்கொண்ட ஒரு பெண், அவள் அப்பா, பிறகு நாங்கள். மாஸ்டரின் கை கட்டுப் பிரித்துத் திறந்திருந்தது. தொடையிலிருந்து எடுத்து ஒட்டிய தோல், சிவப்பும் ஊதாவுமாக, அவர் கைமேல் வேறு யாருடைய துணியையோ வைத்துத் தைத்தது போல இருந்தது. நான் சட்டென்று ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். அக்கா பார்வையை எடுக்கவில்லை.

நர்சம்மா நல்ல குரல்காரி. வகுப்பெடுத்துப் பழகியவள். "தினமும் கழுவணும். வாசனை சோப்பு வேண்டாம். தேய்க்கவே கூடாது. டவலை வச்சு ஒத்தி எடுங்க" என்றாள்.

"தேய்க்கக் கூடாது" என்று அக்கா வாய்க்குள் சொல்லிக்கொண்டாள்.

"அப்புறம் கிரீமைப் போட்டு நல்லா அழுத்தித் தேய்ச்சு விடணும்."

அக்கா என்னைப் பார்த்தாள். நான் பேக்கரிக்காரரைப் பார்த்தேன். அவர்தான் வாயைத் திறந்தார். "இப்பத்தானேம்மா தேய்க்கக் கூடாதுன்னீங்க?"

"அது கழுவும்போதுங்க. இது மசாஜ். புண் ஆறாத இடத்துல வேண்டாம், ஆறின இடத்துல மட்டும்."

"ஆறிச்சா இல்லையான்னு எப்படித் தெரியும்?"

"பாத்தாலே தெரியும்."

பேக்கரிக்காரர் தன் முழங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருக்குத் தெரியவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. நர்சம்மா மேலே போனாள். அரிக்கும், சொறியக் கூடாது, மெதுவாகத் தட்டிக்கொடுக்க வேண்டும். வெயில் படக் கூடாது. முட்டை, பால், பருப்பு நிறையச் சாப்பிட வேண்டும். சூடு தெரியாது, அதனால் டம்ளரை இந்தக் கையால் தொட்டுப் பார்த்து நம்பக் கூடாது. "சிவந்து சூடா வலிச்சுதுன்னா, நீர் கசிஞ்சுதுன்னா, காய்ச்சல் வந்துதுன்னா எல்லாத்தையும் நிறுத்திட்டு உடனே ஓடி வந்துடுங்க. வலியைப் பொறுத்துக்கிட்டு வீட்ல உக்காந்திருக்காதீங்க."

"வலிச்சா நிறுத்தணும்" என்றாள் அக்கா. இதை மட்டும் இரண்டு தரம் சொன்னாள்.

அதற்கப்புறம் பயிற்சி கொடுக்கிற பிசியோ அம்மா வந்தாள். ஒல்லி, அவசரக்காரி, கழுத்தில் டேப். எங்கள் தொழில் டேப்பேதான். மாஸ்டர் கையை வாங்கிக் கட்டைவிரலைப் பிடித்து வெளிப்பக்கம் இழுத்தாள். மாஸ்டரின் கழுத்து நரம்பு எழும்பியது. "இப்படித்தான் இழுக்கணும். தோல் வெளுக்கிற வரைக்கும். வெளுத்ததும் அப்படியே பிடிச்சுக்கணும். காலைல, மத்தியானம், சாயங்காலம். வலிக்கும். வலிக்குதேன்னு நிறுத்திடாதீங்க. நிறுத்தினா கை மூடிக்கும்."

பேக்கரிக்காரரால் தாங்க முடியவில்லை. "ஏம்மா, அந்தம்மா வலிச்சா நிறுத்துன்னாங்க. நீங்க வலிச்சாலும் நிறுத்தாதேங்கறீங்க. ரெண்டு பேரும் உள்ள போய்ப் பேசி ஒரு முடிவுக்கு வாங்களேன்."

எல்லாரும் சிரித்தோம். பிசியோ அம்மாவும் சிரித்தாள். "ரெண்டும் வேற வேற வலிங்க. அது புண்ணு வலி. இது இழுக்கிற வலி."

"எது எதுன்னு எப்படித் தெரியும்?" என்றாள் அக்கா. அவள் சிரிக்கவில்லை.

"போகப் போகத் தெரியும்மா" என்று சொல்லும்போதே அவளை வேறு வார்டில் கூப்பிட்டார்கள். போய்விட்டாள்.

வீடு திரும்புகிற பஸ்ஸிலேயே சண்டை ஆரம்பித்துவிட்டது. மசாஜ் வட்டமாகச் செய்யச் சொன்னார்கள் என்றாள் அக்கா. மேலிருந்து கீழே என்றேன் நான். "ரெண்டு பேரும் தூங்கிட்டு வந்திருக்கீங்க. குறுக்கால செய்யணும்னாங்க" என்றார் மாஸ்டர். நான்கு காது போதாதென்று அவருடையதையும் சேர்த்துக்கொண்டோம், குழப்பம்தான் கூடியது.

அதற்கப்புறம் அந்த வீட்டில் எல்லாமே கையைச் சுற்றித்தான். அக்கா விடியற்காலையில் எழுந்து தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆறவைப்பாள், கழுவுவாள், ஒத்துவாள், முட்டை வேகவைப்பாள், பருப்பைக் கரைத்து டம்ளரில் ஊற்றிக் கொடுப்பாள். கீழே இறங்கி மெஷினில் உட்காருவாள். வெட்டுவதற்கு ஆளில்லை. வெட்டி வைத்திருந்ததெல்லாம் தைத்து முடிந்ததும் பள்ளிக்கூடச் சீருடைக்குக் கரை மடிப்பது, ஜிப் மாற்றுவது என்று சில்லறை வேலைகளை எடுத்துக்கொண்டாள். மாஸ்டரின் கத்தரி மேசை ஆணியில் தொங்கியது. கருத்த, கனமான கத்தரி. வளையம் அவருடைய கட்டைவிரல் அளவுக்கே தேய்ந்து போயிருக்கும். அதை வேறு யாரும் தொடுவதை அவர் விரும்புவதில்லை, அவளும் தொடுவதில்லை.

எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்த அக்காவுக்கு அந்த இழுக்கிற வேலை மட்டும் வரவில்லை. கட்டைவிரலைப் பிடிப்பாள், இழுக்கத் தொடங்குவாள், மாஸ்டர் "ஸ்" என்பார், விட்டுவிடுவாள்.

"இன்னும் வெளுக்கலடி."

"வெளுத்துடுச்சு. நான் பாத்தேன்."

"கண்ணை மூடிக்கிட்டு எப்படிப் பாத்த?"

"உங்களுக்கு வலிச்சுதா இல்லையா?"

"வலிச்சுது."

"வலிச்சா நிறுத்தச் சொன்னாங்க."

மாஸ்டர் கையை எடுத்து மடியில் வைத்துக்கொள்வார். உண்மையைச் சொன்னால் அவருக்கு அவள் விட்டுவிட்டதில் நிம்மதிதான்.

போதாக்குறைக்கு மாஸ்டரின் தங்கை வந்து சேர்ந்தாள். அக்காவுக்கு நாத்தனார். பை நிறையப் பழமும் வாய் நிறைய யோசனையும் கொண்டுவந்திருந்தாள். "என்ன அண்ணி, அண்ணனைக் கையை நீட்டி நீட்டி வதைக்கிறீங்களாமே. வெந்த கைக்கு ஓய்வுதான் மருந்து. எங்க ஆபீஸ்ல ஒருத்தர் எண்ணெய் பட்டுக் கையைச் சுட்டுக்கிட்டாரு. பஞ்சுல பொதிஞ்சு வச்சிருந்தாங்க. இப்ப தழும்பே தெரியல."

"அவருக்குத் தோல் ஒட்டினாங்களா?" என்று நான் கேட்டேன்.

"அதெல்லாம் எனக்கெப்படித் தெரியும்? நீங்க பட்டன் விக்கிறவங்கதானே, டாக்டர் மாதிரி கேக்கறீங்க?"

அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. நாங்கள் மூன்று பேரும் ஒரு வகுப்பில் உட்கார்ந்து எழுந்தவர்கள், அவ்வளவுதான்.

புண் மூடியதும் கையை அழுத்திப் பிடிக்கிற கிளவுஸ் ஒன்று போட வேண்டும் என்றார்கள். அதற்கு அளவெடுக்க ஆஸ்பத்திரிக்குப் போனபோது பிசியோ அம்மா ஒவ்வொரு விரலையும் டேப்பால் சுற்றிச் சுற்றி அளந்தாள். "ஊருக்கெல்லாம் அளவெடுத்த எனக்கே அளவெடுக்கறாங்க பாரு" என்று மாஸ்டர் சிரித்தார். வந்து சேர்ந்த கிளவுஸ் தோல் நிறத்தில், இழுபடுகிற தடித்த துணியில், விரல் நுனி மட்டும் வெளியே தெரிகிற மாதிரி இருந்தது. அக்கா அதை உள்ளே திருப்பி வெளியே திருப்பிப் பார்த்தாள். அளவு அவளுக்குக் கண்ணிலேயே தெரிந்துவிட்டது.

"சின்னதாத் தச்சுட்டாங்க" என்றாள்.

"அளவை விடக் குறைச்சலாத்தான் வரும்மா. இறுக்கமாத்தான் இருக்கணும். கழுவற நேரம் தவிர எப்பவும் போட்டிருக்கணும்" என்றாள் பிசியோ அம்மா. "நகத்தை மட்டும் பாத்துக்குங்க, ரத்தம் ஓடணும்." அன்றைக்கும் வெளியே ஒரு கூட்டம் காத்திருந்தது.

கிளவுஸைப் போட்டுவிட அக்கா பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. போட்டபின் மாஸ்டரின் நெற்றி வேர்த்திருக்கும். ராத்திரி தூக்கமில்லை. காலையில் கழுவக் கழற்றினால் கை முழுக்கத் தையல் தடம். விரலின் இரண்டு பக்கத்திலும், கட்டைவிரல் சந்திலும் கோடு கோடாகப் பதிந்திருக்கும்.

வெளியாருக்கு இது ஒன்றுமில்லை. தையல்காரிக்கு அப்படியில்லை. அக்காவிடம் துணி கொடுத்தவர்கள் எல்லாரும் பார்த்திருக்கிறார்கள். வாயில் ஒரு கொத்துக் குண்டூசியைக் கவ்விக்கொண்டு, போட்டுப் பார்க்கிறவரைச் சுற்றி வருவாள். கடைசியில் ஊசிகளைக் கையில் எடுத்துக்கொண்டு, எப்போதும் ஒரே கேள்வியைக் கேட்பாள். "எங்கயாவது இறுக்குதா?" இல்லை என்றால்கூட நம்பமாட்டாள். கையைத் தூக்கு, குனி, உட்கார் என்பாள். சட்டையைக் கழற்றியதும் அக்குளில் ஒரு தடம் தெரிந்தால் போதும், அந்தச் சட்டை மறுபடி மெஷினுக்குப் போய்விடும். உடம்பில் தடம் விழுகிற மாதிரி ஒரு துணி அவள் கையை விட்டுப் போனதில்லை.

இப்போது தன் புருஷன் கையில், கழுத்துக்கு நேராக வந்த குழாயைப் பிடித்த கையில், தினமும் காலையில் தடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாருங்க அண்ணி, ரத்தமே ஓடலபோல" என்றாள் நாத்தனார்.

அன்று மத்தியானம் அக்கா ஒரு பிளேடை எடுத்துக் கட்டைவிரல் சந்துத் தையலைப் பிரித்தாள். நீச்சல் உடை தைத்ததில் மிஞ்சிய துணி ஒன்று கிட்டத்தட்ட அதே நிறத்தில் இருந்தது. அதிலிருந்து இலை மாதிரி ஒரு ஒட்டு வெட்டி அங்கே வைத்தாள். விரல்களின் பக்கவாட்டிலும் மெல்லிய பட்டை கொடுத்தாள். கையாலேயே தைத்தாள். தைத்த இடத்தை எனக்குக் காட்டி, "கண்டுபிடி பாப்போம்" என்றாள். என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

"எங்கயாவது இறுக்குதா?" என்று கேட்டாள் மாஸ்டரிடம்.

"அப்பாடா" என்றார் மாஸ்டர்.

அந்தத் தெருவிலேயே சந்தோஷமான வீடு சில வாரங்களுக்கு அதுதான். மாஸ்டர் தூங்கினார். தடம் விழவில்லை. அரிப்புகூடக் குறைந்துவிட்டது என்றார். நாத்தனார் தன் வைத்தியம் பலித்த திருப்தியில் ஊருக்குப் போனாள். இழுக்கிற பயிற்சியைக் காலையில் மட்டும், அதுவும் பட்டும் படாமலும் செய்தார்கள். "வலியே இல்லம்மா இப்ப. கை ஆறிடுச்சு" என்று அக்கா என் கடைக்கு வந்து சொல்லி, டீ வாங்கிக் கொடுத்தாள். நானும் வாங்கிக் குடித்தேன்.

ஒரு நாள் அக்கா மாடியில் சமைத்துக்கொண்டிருந்தாள். மாஸ்டர் கீழே தனியாக இருந்தார். ஆணியிலிருந்து கத்தரியை இடது கையால் எடுத்து மேசைமேல் வைத்து, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு வலது கையை அதன் மேல் கொண்டுபோனார். கிளவுஸைக் கழற்றியிருந்தார். விரல்கள் கீழ் வளையத்துக்குள் எப்படியோ நுழைந்தன. கட்டைவிரல் நுழையவில்லை. வளையத்தின் விளிம்பில் முட்டிக்கொண்டு நின்றது. இடது கையால் வளையத்தைத் தூக்கி விரலில் மாட்டப் பார்த்தார். மறுபடியும் பார்த்தார். கத்தரி நழுவிக் கீழே விழுந்து தரையில் ஒரு சத்தம்.

மேலிருந்து அக்கா, "என்னங்க அது?" என்றாள்.

"ஸ்கேலு" என்றார் மாஸ்டர்.

நிமிர்ந்தபோது என்னைப் பார்த்துவிட்டார். இரண்டு கடைக்கும் நடுவில் சின்னத் தெருதான். கத்தரியை ஆணியில் மாட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டார். வலி போய்விட்டது, தூக்கம் வந்துவிட்டது, எல்லாம் சரியாகிவிட்டதே, பின் ஏன் விரல் நுழையவில்லை என்று அன்று முழுக்க யோசித்தேன். ஜிப் கேட்டவருக்கு நூல் கொடுத்தேன்.

அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்குப் போகும்போது மாஸ்டரே, "தங்கச்சி, நீயும் வா" என்றார்.

பிசியோ அம்மா கையைத் திருப்பிப் பார்த்ததும் புருவத்தைச் சுருக்கினாள். சந்துத் தோல் தடித்துக் கயிறு போலத் தூக்கிக்கொண்டிருந்தது. உள்ளங்கையில் மேடு மேடாக இருந்தது. கட்டைவிரலை வெளியே கொண்டுவரப் பார்த்தாள். கொஞ்சம்தான் வந்தது.

"கிளவுஸ் போடறீங்களா?"

"கழட்டறதே இல்லம்மா" என்றாள் அக்கா. அது உண்மைதான்.

"அப்ப ஏன் இப்படி?" பிசியோ அம்மாவுக்கும் குழப்பம். கிளவுஸைப் போடச் சொல்லித் துணியைக் கிள்ளிப் பார்த்தாள். துணி கிள்ள வந்தது. கழற்றி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். வெகுநேரம் பார்த்தாள். "இது நாங்க கொடுத்ததுதானா?"

"ஆமா" என்றார் மாஸ்டர்.

"இல்ல" என்றாள் அக்கா, அதே நேரத்தில்.

"நான்தான் இவளைப் பிரிக்கச் சொன்னேன். தூக்கமில்ல."

"அவர் சொல்லல. நானாத்தான் பிரிச்சேன்."

"நான் சொல்லித்தான் பிரிச்சா."

"பொய் சொல்லாதீங்க. உங்களைக் கேட்டா பிரிச்சேன்?"

பிசியோ அம்மா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஒட்டு வச்சதே தெரியல. இவ்வளவு நேர்த்தியா யாரு தச்சது?"

அக்காவின் முகத்தில் ஒரு நொடி பெருமை வந்து போனதை நான் பார்த்தேன். சத்தியமாகப் பார்த்தேன். அடுத்த நொடி அந்த முகம் உடைந்துவிட்டது.

"இறுக்கமாத்தான் இருக்கணும்னு சொன்னேனேம்மா."

"சொன்னீங்க. எல்லாந்தான் சொன்னீங்க. தேய்க்காதேன்னீங்க, தேய்ன்னீங்க. வலிச்சா நிறுத்துன்னாங்க, வலிச்சாலும் நிறுத்தாதேன்னீங்க. இறுக்கமா இருக்கணும்னீங்க, ரத்தம் ஓடணும்னீங்க. எனக்குத் தெரிஞ்சது தையல் ஒண்ணுதான். உடம்புல தடம் விழுந்தா அது தப்பாத் தச்ச துணி. அதைத்தான் சரி பண்ணினேன். நான் எதைம்மா கேட்டிருக்கணும்?"

பிசியோ அம்மா கதவைப் பார்த்தாள். வெளியே கூட்டம். எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள். முதல் முறையாக அவள் உட்கார்ந்து பார்த்தேன்.

"தடம் விழணும்மா. நகம் நீலமானா, விரல் மரத்துப்போனா கழட்டிட்டு ஓடி வாங்க. தடம் விழுந்தா சரியா இருக்குன்னு அர்த்தம். இந்தப் புதுத்தோலுக்கு நல்லது கெட்டது தெரியாது. இடம் கிடைச்சா தடிக்கும். சும்மா விட்டா சுருங்கும். சுருங்கும்போது வலிக்காது. அதுதான் மோசம். வலியில்லாமலே கை மூடிடும்."

மாஸ்டர் தன் கையைப் பார்த்துக்கொண்டே, "கேன்வாஸ் மாதிரி" என்றார்.

"என்னது?"

"காலர்ல சூட்டோட ஒட்டின கேன்வாசுங்க. ஆறுற வரைக்கும் மேல கனம் வைக்கணும். வைக்கலேன்னா குமிழ் விட்டுடும். அப்புறம் எத்தனை இஸ்திரி போட்டாலும் படியாது."

பிசியோ அம்மாவுக்குக் கேன்வாஸ் தெரியாது. "அப்படித்தான் இருக்கும்" என்றாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "இன்னும் கெட்டுப்போயிடல. அடுத்த தடவை வரும்போதும் இவ்வளவுதான் விரியும்னா மறுபடி கத்திதான். அறுத்து, மறுபடி தோல் எடுத்து ஒட்டணும். அப்புறம் நீங்க கத்தரி பிடிக்கிறதைப் பத்தி என்னால உறுதி சொல்ல முடியாது. புது கிளவுஸ் வர நாளாகும். அதுவரைக்கும் பிரிச்சவங்களே இதைப் பழையபடி தச்சு எடுத்துட்டு வாங்க. நான் பாத்துச் சொல்றேன்." அக்காவின் கையைப் பிடித்து மாஸ்டரின் கட்டைவிரல்மேல் வைத்தாள். "இப்ப இழுங்க. என் முன்னால."

அக்கா இழுத்தாள். மாஸ்டர் "ஸ்" என்றார். அவள் கை தளர்ந்தது. பிசியோ அம்மா அவள் கைமேல் தன் கையை வைத்து அழுத்தினாள். "விடாதீங்க. தோலைப் பாருங்க, அவர் முகத்தைப் பாக்காதீங்க. வெளுக்குது பாருங்க. இதுதான் இழுக்கிற வலி. விட்டதும் போயிடும். புண்ணு வலி விட்டாலும் போகாது." விடச் சொன்னாள். மாஸ்டர் மூச்சை விட்டார். "போயிடுச்சா?"

"போயிடுச்சு" என்றார் மாஸ்டர், ஆச்சரியத்தோடு.

அன்றைக்கே இதைச் சொல்லியிருக்கலாம் என்று எனக்குக் கோபம் வந்தது. அன்றைக்கு ஒருவேளை சொல்லியும் இருக்கலாம். என் காதை நானே நம்பத் தயாராக இல்லை.

பஸ்ஸில் இந்த முறை சண்டை இல்லை. அக்கா ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து அழுதாள். நம்மவரை நன்றாக வைத்துக்கொள்கிறோம் என்று நினைத்து அவரையே முடமாக்கிக்கொண்டிருந்தால் ஒரு மனுஷி எதைப் பிடித்துக்கொண்டு நிற்பாள்? எனக்கும் அழுகை வந்தது. ஆறுதல் சொல்ல வாயெடுத்தேன். எது ஆறுதல், எது கெடுதல் என்று அப்போது எனக்கே பிடிபடவில்லை.

கத்தரி வளையத்துக்குள் மாஸ்டரின் கட்டைவிரல் முழுதாகப் போனது மறுபடி கத்தி வைக்காமலேதான். அதற்கு வெகுநாளாயிற்று. அவர் நேர்கோடாக ஒரு துணி வெட்ட அதைவிட நாளாயிற்று, இன்றைக்கும் வளைவில் கொஞ்சம் தடுமாறும். வெட்டினது கோணல் என்று அக்கா சொன்னால் இப்போது உண்மையாகவே கோணலாக இருக்கும், அதனால் அவள் சொல்வதில்லை. ஆனால் எனக்கு நினைவில் நிற்பது அதெல்லாம் இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாள் பகல்.

மழை விட்டு வெளிச்சம் வந்திருந்தது. அக்கா கேட்ட நூல்கண்டை எடுத்துக்கொண்டு நான் எதிர்க்கடைக்குப் போனேன். தான் வைத்த ஒட்டுகளையெல்லாம் பிரித்து எடுத்துக் கிளவுஸைக் குண்டூசியால் கூட்டிப் பிடித்திருந்தாள். இனி போட்டுப் பார்த்து, தைக்க வேண்டியதுதான். மாஸ்டர் வாடிக்கையாளர் உட்காருகிற நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டிக்கொண்டிருந்தார். ஊசி குத்தாமல் அக்கா விரல் விரலாக அதை ஏற்றினாள். கட்டைவிரல் சந்து வந்ததும் நிறுத்திவிட்டாள்.

வாயிலிருந்த குண்டூசிகளை எடுத்து மேசைமேல் வைத்தாள். "என்னால முடியலங்க. எனக்காகப் பிடிச்ச கை இது. இதை நானே எப்படி..."

"யாரு சொன்னா உனக்காகன்னு? கோட்டுக்காகப் பிடிச்சேன்."

"இப்பவாவது உண்மையைச் சொல்லுங்க."

மாஸ்டர் தெருவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கடைசியில் அவளைப் பார்த்தார். "எனக்குத் தெரியலடி. படுக்கையில கிடந்தப்பல்லாம் யோசிச்சுப் பாத்துட்டேன். குழாய் ஆடிச்சு, பிடிச்சேன். நீ இருந்ததும் தெரியும், கோட்டு இருந்ததும் தெரியும். எதுக்குப் பிடிச்சேன்னு கைக்குத்தான் தெரியும், அது இப்ப சொல்ற நிலைமையில இல்ல."

அக்காவுக்கு அழுகையோடு சிரிப்பு வந்துவிட்டது. "கோட்டு என்ன ஆச்சு தெரியுமா? அன்னிக்கு நீங்க பிடிச்சும் நனைஞ்சுதான் போச்சு."

"அப்ப உனக்காகன்னே வச்சுக்க. அதுவாவது மிச்சமாகட்டும். சட்டுனு வேலையைப் பாரு, கை வலிக்குது."

"எந்த வலி?"

"இழுக்கிற வலிதான். பயப்படாத."

அக்கா ஊசிகளைத் திரும்ப வாயில் கவ்விக்கொண்டாள். கட்டைவிரல் சந்தைக் கூட்டிப் பிடித்து ஒரு ஊசி போட்டாள். மாஸ்டரின் நெற்றியில் வேர்வை அரும்பியது. பக்கவாட்டில் கூட்டினாள், மணிக்கட்டில் கூட்டினாள். அவர் முகத்தை அவள் பார்க்கவே இல்லை. எல்லாம் முடிந்ததும் பழக்கத்தில் ஊசிகளைக் கையில் எடுத்துக்கொண்டு, "எங்கயாவது இறு..." என்று ஆரம்பித்துச் சட்டென்று நின்றாள். இத்தனை காலமும் கேட்ட கேள்வி அது. அதை விழுங்கிவிட்டு வேறொன்றை அவள் வாயிலிருந்து வரவழைக்க வேண்டியிருந்தது.

"எங்கயாவது லூசா இருக்கா?" என்றாள்.

மாஸ்டர் பல்லைக் கடித்துக்கொண்டு விரல்களை மெல்ல மடக்கினார், விரித்தார். இல்லை, சரியாக இருக்கிறது என்று அவர் சொல்லியிருந்தால் நாங்கள் இரண்டு பேரும் நம்பியிருப்போம், நம்பத்தான் காத்திருந்தோம். அவர் இடது கை விரலால் கட்டைவிரல் சந்தைத் தொட்டுக் காட்டினார்.

"இங்க கொஞ்சம் லூசு" என்றார்.

அக்கா இன்னொரு குண்டூசி எடுத்தாள்.